பெட்டியில் 33, காதில் எவ்வளவு? துப்பாக்கி சுடுபவருக்கான இயர் பிளக் வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் செவித்திறன் பரிசோதனைக்குப் போயிருந்தேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, பீப் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிந்து வெளியே வந்ததும் ஆடியாலஜிஸ்ட் பெண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “சார், நீங்க துப்பாக்கி சுடுவீங்களா? வலது தோள்ல வச்சு?”

அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறியிருந்தது. வலது காதில் அந்தப் பள்ளம் லேசாகத்தான் தெரிந்தது. வலது தோளில் வைத்துச் சுடும்போது இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலையே பாதி மறைத்துவிடும். அவருக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த வடிவம்.

முதல் இரண்டு வருடம் நான் பஞ்சுதான் வைத்துச் சுட்டேன். அதன்பிறகு நல்ல பிளக்கே வாங்கினேன். ஆனால் அது பாதிதான் உள்ளே போகிறது என்று தெரியாமலே இன்னும் சில வருடம் ஓடியது. பஞ்சு அறியாமை, போகட்டும். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு காதைக் கெடுத்துக்கொண்ட அந்த இரண்டாவது காலம்தான் உறுத்துகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் எந்த பிராண்ட் என்பதைவிட எப்படிப் பொருந்துகிறது என்பதற்கே அதிக இடம்.

படி 1: உங்கள் துப்பாக்கி எவ்வளவு சத்தம் போடும்?

நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோலிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் பட்டாசுக்கு ஒரு வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. துப்பாக்கிக் குழலின் வாய் உங்கள் காதிலிருந்து 4 மீட்டர் தள்ளியா இருக்கிறது? ஒரு மீட்டர்கூட இருக்காது.

.22 ரைஃபிளில் சுடுபவரின் காதருகே சுமார் 140 டெசிபல் வரும். 12 போர் ஷாட்கன் 150-ஐத் தாண்டும், 160-ஐயும் தொடும். பெரிய தோட்டா போடும் வேட்டை ரைஃபிள் 160 முதல் 170 வரை. குழல்வாயில் பிரேக் (உதைப்பைக் குறைக்கும் கருவி) மாட்டியிருந்தால் சத்தம் பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்பி வரும். சுடுபவரைவிடப் பக்கத்து லேன்காரர் பாவம். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை மறக்க வேண்டாம். 140-க்கும் 160-க்கும் இடையில் இருப்பது நூறு மடங்கு.

திடீர் வெடியொலிக்கு 140 டெசிபல் உச்சம் என்பதைத்தான் தொழிற்சாலை விதிகள் பரவலாக எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஒரே ஒரு வெடிகூட உட்காதின் மயிரிழைச் செல்களைக் கொல்லலாம். ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 செல்கள். செத்தது மறுபடி முளைக்காது. 

இடமும் முக்கியம். திறந்த வெளியில் சத்தம் போய்விடும். தகரக் கூரையும் பக்கச் சுவரும் உள்ள ரேஞ்சில் அது திரும்பி வந்து அடிக்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் மட்டும் சுடுபவர்களுக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. அங்கே பிளக் பெரும்பாலும் கவனம் சிதறாமல் இருக்கத்தான். ஆனால் பக்கத்து ரேஞ்சில் .22 ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு மாறிவிடும்.

படி 2: உங்கள் காதைத் தெரிந்துகொள்ளுங்கள்

காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் அகலம் என்பது சராசரிக் கணக்கு. அந்தச் சராசரி யாருடைய காதிலும் இருப்பதில்லை. குழாய் நேராகவும் போகாது, இரண்டு இடத்தில் வளையும். வட்டமாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, முட்டை வடிவில் இருப்பவர்கள் ஏராளம். ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பதும் சகஜம். எனக்கு வலது காதுக்கு நடுத்தர அளவு, இடதுக்குச் சின்னது. இதைக் கண்டுபிடிக்கவே நான்கு வருடம் ஆயிற்று, ஏனென்றால் பெட்டியில் இரண்டும் ஒரே அளவில்தான் வருகின்றன!

பெண்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் சின்ன அளவு தேவைப்படுவது அதிகம். பெரிய ஃபோம் பிளக்கைச் சின்னக் காதில் திணித்தால் வலிக்கும். வலித்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பாதியில் நின்ற பிளக் வைத்தும் வைக்காத கணக்கு. “எனக்கு எந்த பிளக்கும் ஒத்துக்கொள்வதில்லை” என்பவர்களில் பாதிப் பேருக்கு அளவுதான் பிரச்சினை.

வாங்குவதற்கு முன் ஒரு முறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குறும்பி அடைத்திருந்தால் பிளக் அதை இன்னும் உள்ளே தள்ளும். பட்ஸால் குடைந்து எடுக்கப் போகாதீர்கள், அதுவும் உள்ளேதான் தள்ளும். சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ மருத்துவர் சொல்லாமல் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. பாட்டி வைத்தியமாகக் காதில் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால், ரேஞ்ச் போகும் நாளிலாவது வேண்டாம். வழுக்கும் காதில் பிளக் நிற்காது.

படி 3: வகையைத் தேர்ந்தெடுப்பது

ஃபோம் பிளக். உருட்டி வைத்தால் உள்ளே மெதுவாக விரியும். இந்த மெதுவாக விரியும் ஃபோமை 1967-இல் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னரின் குழு உருவாக்கியது. இன்றும் விலைக்கும் பலனுக்கும் இதை அடிக்க ஆள் இல்லை. சரியாக வைத்தால் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தடுப்பது இதுதான். பிரச்சினை அந்தச் ‘சரியாக’ என்ற சொல்லில்தான். உருட்டத் தெரிய வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும், அரை நிமிடம் பொறுமை வேண்டும். வெப்பமும் இதில் விளையாடும். சில ஃபோம் மே மாத வெயிலில் காருக்குள் கிடந்தால் தொளதொளவென்று ஆகி, உருட்டிய கையோடு விரிந்துவிடும். குளிர்நாட்டில் அதுவே கட்டை மாதிரி இறுகிப்போகும். சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் இரண்டு ஊரிலும் சமாளிக்கலாம்.

குடை அடுக்கு பிளக். ரப்பர் அல்லது சிலிக்கானில் இரண்டு மூன்று குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவம். உருட்ட வேண்டாம், கழுவலாம், அழுக்குக் கையிலும் காம்பைப் பிடித்து வைக்கலாம். ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டியது இதில்தான் மிகமிக அவசியம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றும் வரும் செட்டாக வாங்கி, காதுக்குக் காது மாற்றிப் பாருங்கள்.

துளை வடிகட்டி உள்ளவை. நடுவில் ஊசித்துளை போன்ற ஒரு பாதை இருக்கும். பேச்சு உள்ளே வரும். வெடியின் அழுத்தம் வந்தால் அந்தத் துளையில் காற்று சுழன்று தானே தடை உண்டாகும். காட்டில் நடப்பவர்களுக்கு வசதி. கூரை போட்ட ரேஞ்சில் நாள் முழுக்கச் சுடுவதற்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காதளவில் வார்த்தவை. ஆடியாலஜிஸ்ட் உங்கள் காதில் சிலிக்கான் கலவையைச் செலுத்தி அச்சு எடுத்து, அதை வைத்துச் செய்துதருவது. விலை அதிகம்தான். வாரம் இரண்டு மூன்று நாள் ரேஞ்சில் நிற்பவருக்கு மதிப்பு. அச்சு எடுக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். கலவை செவிப்பறைக்குப் போகாமல் தடுக்க, நூல் கட்டிய சின்ன ஸ்பாஞ்சை முதலில் உள்ளே வைக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து, தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவமும் மாறும். ஆகவே சுடும்போது வாய் எப்படி இருக்குமோ, கன்னம் துப்பாக்கிக் கட்டையில் எப்படிப் பதியுமோ அதைச் சொல்லி, அதற்கேற்ப எடுக்கச் சொல்லுங்கள். அச்சு இரண்டாவது வளைவைத் தாண்டி ஆழமாக இருக்க வேண்டும். உடம்பு எடை ஏறி இறங்கினால் காதும் மாறும், சில வருடத்துக்கு ஒரு முறை புதுசு தேவைப்படும்.

நீச்சலுக்கான மெழுகுக் களிமண், தூக்கத்துக்கான மென்மையான பிளக், இசைக்கலைஞர்களுக்கான பிளக் இதெல்லாம் அந்தந்த வேலைக்குச் சரி, துப்பாக்கிக்குப் போதாது. பஞ்சைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். காலி தோட்டாவைக் காதில் செருகிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

படி 4: பெட்டியில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது

பிளக் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லும் எண் அமெரிக்கப் பெட்டியில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பியப் பெட்டியில் எஸ்.என்.ஆர். என்றும் இருக்கும். இரண்டும் வேறு வேறு முறையில் அளந்தவை. ஒரே பிளக்குக்கு எஸ்.என்.ஆர். எண் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக வரும். எஸ்.என்.ஆர். 37-ஐயும் என்.ஆர்.ஆர். 33-ஐயும் பக்கத்தில் வைத்து 37 மேல் என்று முடிவு செய்ய வேண்டாம். ஃபோம் பிளக்கில் கிடைக்கும் உச்ச என்.ஆர்.ஆர். 33.

அந்த 33, ஆய்வகத்தில் பிளக்கை ஒழுங்காக வைத்து அளந்தது. நம்மைப் போன்றவர்கள் அவசரத்தில் வைத்தால்? அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் கணக்குப்படி முதலில் 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 33-இல் 7 போனால் 26, அதில் பாதி 13. ஆக 160 டெசிபல் 12 போரின் முன்னால் 147 மிஞ்சும். எல்லையான 140-க்கு மேலேயேதான் நிற்கிறோம். தொடர் இரைச்சலுக்கான எண் வெடியொலிக்கு அப்படியே பொருந்தாது என்பது வேறு விஷயம், ஆனாலும் கணக்கு ஒரு எச்சரிக்கை தருகிறது. அதே பிளக்கை ஆழமாக, இறுக்கமாக வைத்தவருக்கு 30-க்குப் பக்கத்தில்கூடக் கிடைக்கும். ஒரே பெட்டி, ஒரே விலை; கை மட்டும்தான் வித்தியாசம்.

இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தினர் பல வருடம் பயன்படுத்திய இரட்டை முனை பிளக் ஒன்று, காம்பாட் ஆர்ம்ஸ் என்று பெயர். அது நீளம் குறைவு, சிலர் காதில் ஆழமாகப் போகாமல் தானே தளர்ந்துவிடுகிறது, வைத்திருப்பவருக்கே அது தெரிவதில்லை என்று முன்னாள் வீரர்கள் லட்சக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் அதை விற்ற 3எம் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கவனியுங்கள், அங்கே பிரச்சினையாகச் சொல்லப்பட்டது ஃபோமோ ரப்பரோ அல்ல. பொருத்தம்.

படி 5: வைக்கும் முறை

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஃபோம் பிளக்கை வைத்துச் சொல்கிறேன்.

கையைக் கழுவித் துடையுங்கள். பிளக்கை விரல்களுக்கிடையில் வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தியும் உருட்டுங்கள், பீடி சுற்றுகிற மாதிரி. மடிப்பு விழக் கூடாது. மடிப்பு விழுந்தால் அதுவே சத்தம் நுழையும் வாய்க்காலாகிவிடும். நசுக்குவது வேறு, உருட்டுவது வேறு. குச்சி போல மெலிதாக வர வேண்டும்.

வலது காதுக்கு வைக்கிறீர்கள் என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து வலது காதின் மேல்நுனியைப் பிடித்து, மேலேயும் பின்னாலும் இழுங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திருகுவாரே, அந்த இடம்தான். இழுத்தால் குழாயின் வளைவு கொஞ்சம் நேராகும். இந்த ஒரு அசைவைச் செய்யாமல் விடுவதால்தான் பலருக்கு பிளக் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

உருட்டியதை உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அழுத்தாமல் தொட்டபடி முப்பது, நாற்பது எண்ணுங்கள். உள்ளே விரியும்போது வெளியே நழுவப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் விரல். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்த நேரத்தில் யாரிடமும் பேச விடமாட்டார். பேசினால் தாடை அசையும், பிளக் நகரும்.

குடை அடுக்கு பிளக்குக்கும் அதே காது இழுப்புதான். உருட்டத் தேவையில்லை, காம்பைப் பிடித்து லேசாக ஆட்டியபடி உள்ளே தள்ளி, கடைசிக் குடையாவது வாசலை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது எதுவானாலும் சட்டென்று பிடுங்காதீர்கள். மெதுவாகத் திருகினால் காற்று புகுந்து, செவிப்பறை இழுபடாமல் வரும்.

படி 6: பொருந்தியதா என்று சோதிப்பது

கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். ஃபோம் பிளக்கின் முனை காதிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். பாதி வெளியே இருக்கும்போது அதையே தள்ளிப் பயனில்லை, புதிதாக உருட்ட வேண்டும்.

ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணுங்கள். சொந்தக் குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி, இரண்டு காதிலும் சமமாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பக்கம் கசிகிறது.

மின்விசிறியோ மிக்ஸியோ ஓடும் இடத்தில் நின்று, உள்ளங்கைகளால் இரண்டு காதையும் இறுக்கி மூடித் திறங்கள். பிளக் நன்றாக இருந்தால் மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. மூடியதும் சத்தம் சட்டென்று குறைந்தால், அதுவரை உங்கள் கைதான் வேலை செய்திருக்கிறது, பிளக் அல்ல.

அப்புறம் தாடையை அசையுங்கள். வாயைத் திறந்து மூடி, கொட்டாவி விட்டு, கட்டையில் கன்னத்தைப் பதித்துப் பாருங்கள், துப்பாக்கி காலியாக இருக்கும்போது. பிளக் தளர்கிறதா? சூயிங் கம் மென்றுகொண்டே சுடுபவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். ரேஞ்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஒரு முறை சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: துப்பாக்கியோடு சேர்த்துப் பார்ப்பது

12 போர், பெரிய ரைஃபிள், கூரை போட்ட ரேஞ்ச் இந்த மூன்றில் எது இருந்தாலும் பிளக் மேல் இயர் மஃபும் (காதை வெளியிலிருந்து மூடும் கிண்ணக் கவசம்) போட்டுக்கொள்வது நல்லது. இரண்டின் எண்ணையும் கூட்டிவிட முடியாது. பெரிய எண்ணோடு 5 டெசிபல் மட்டும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மண்டை எலும்பு வழியாகவும் ஒலி உட்காதுக்குப் போவதால் எதைப் போட்டாலும் ஓர் எல்லை உண்டு. ஆனாலும் அந்த 5 டெசிபல் சும்மா இல்லை, ஆற்றலில் மூன்று மடங்கு.

ரைஃபிளில் கன்னம் கட்டையில் பதியும்போது மஃபின் கிண்ணம் கட்டையில் இடித்துத் தூக்கிவிடும். ஒல்லியான கிண்ணம் உள்ளதைத் தேடுங்கள். கண்ணாடிக் காம்பும் மஃபின் ஓரத்தில் இடைவெளி விடும். பிளக்கின் பெரிய லாபமே இந்த இரண்டு தொல்லையும் அதற்கு இல்லை என்பதுதான்.

டிராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வேடிக்கை. பிளக் வைத்ததும் சொந்தக் குரல் பெரிதாகக் கேட்பதால் தட்டை விடச் சொல்லும் “புல்” (pull) என்ற சொல்லை முனகுவார்கள். மைக்குக்கு எட்டாது, தட்டு பறக்காது. பழகும்வரை கொஞ்சம் கத்தியே கூப்பிடுங்கள். ரேஞ்ச் அதிகாரியின் “ஸ்டாப்”, “அன்லோட்” கட்டளைகளும் கேட்க வேண்டும் என்பதால், எவ்வளவு கேட்கிறது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி, ஒலியைப் பெறும் கருவி எதுவும் உள்ள காதுக் கவசத்தை வீரர்கள் அணியக் கூடாது. வெளி ஒலியை மைக்கில் வாங்கித் தரும் எலெக்ட்ரானிக் பிளக் பயிற்சிக்கு ஆகும், போட்டி மேடைக்கு ஆகாது. அதைவிட இரண்டிலும் ஒரே சாதாரண பிளக்கை வைத்துப் பழகினால் போட்டி நாளில் காது புதிதாக உணராது.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் வந்த திருத்தத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே இல்லை. கனடாவிலோ நார்வேயிலோ நியூசிலாந்திலோ உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

வேட்டையில் மணிக்கணக்காகக் காத்திருந்து ஒன்றிரண்டு முறைதான் சுடுவார்கள். சருகு மிதிபடும் ஓசையும் கூட வருபவரின் குரலும் கேட்டாக வேண்டும். அதனால் “சுடுவதற்கு முன் வைத்துக்கொள்கிறேன்” என்று பிளக்கைப் பையில் வைத்திருப்பார்கள். மான் தெரிந்த அந்த நொடியில் யாருக்கு நினைவு வரும்? இங்கேதான் எலெக்ட்ரானிக் பிளக் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மெல்லிய ஓசையைப் பெருக்கித் தரும், வெடி வந்தால் அதை உள்ளே விடாது. ஆனால் அதன் முனையும் காதில் இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் உள்ளே எத்தனை மின்னணுச் சாமர்த்தியம் இருந்தாலும் வெடி ஓரமாகவே வந்துவிடும். உடன் வரும் எல்லா முனைகளையும் போட்டுப் பாருங்கள். மாற்று பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள், கூடவே ஒரு ஜோடி ஃபோமும். அது கைவிடாது.

நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் சைலன்சர் மாட்டுவது சாதாரணம். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பெரிய ரைஃபிளில் அதன் பிறகும் மிஞ்சுவது பட்டாசு அளவுச் சத்தம். ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டாவின் சடாரென்ற ஓசையை எந்த சைலன்சரும் நிறுத்தாது. பிளக் அப்போதும் வேண்டும்.

எப்போது மாற்றுவது, எப்போது மருத்துவர்

ஃபோமை ஒரு நாள் சுட்டதும் தூக்கிப் போடுவதே நல்லது. நம்மூர் வியர்வையில் இரண்டாம் நாள் அது பழைய வேகத்தில் விரியாது, அழுக்கும் காதுக்குப் போகும். ரப்பர் குடைகளை வெந்நீரிலும் மென்சோப்பிலும் கழுவி, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு வைத்தால் காதுக்குள் பூஞ்சை பிடிக்க வழி. குடை ஓரம் விறைத்தாலோ கிழிந்தாலோ புதுசு வாங்குங்கள்.

ரேஞ்சிலிருந்து வீட்டுக்கு வந்தபின் காதில் ரீங்காரம் கேட்டாலோ, டி.வி. சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தாலோ அன்றைக்கு பிளக் சரியாகப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவைக்கு முன் அளவை மாற்றுங்கள். மறுநாள் காலையிலும் அது நிற்கவில்லை என்றால், அல்லது ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால், தானே சரியாகிவிடும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். இதற்கான மருந்தை நாள் தள்ளிக் கொடுத்தால் பலன் குறையும். போகும்போது எந்தத் துப்பாக்கி, எத்தனை ரவுண்டு, எந்தத் தோள் என்று குறித்துக்கொண்டு போங்கள். அந்த மூன்றாவது விவரத்தை அவரே கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை.